லீனா லீவில் இருக்கிறாள்

சாந்தாமணி பதிலைத் தட்டி முடித்து, அடியில் 'அன்புடன், லீனா' என்று போட்டு, அனுப்பும் பொத்தானை அழுத்திய விரலை எடுப்பதற்குள் லீனா உள்ளே வந்து, செருப்பை வாசலில் மற்றவர்களின் செருப்போடு சேர்த்து விட்டுவிட்டு, "துண்டு ஓரத்துக்கு நீலம்னு போட்டுட்டீங்கக்கா, அவங்க கேட்டது பச்சை" என்றாள். சாந்தாமணி அவளைப் பார்த்தாள், பிறகு திரையைப் பார்த்தாள். நீலம் என்றுதான் இருந்தது. திருத்தி இன்னொரு மெயில் அனுப்பினாள். செக்கிங் மேசையிலிருந்து பாவாத்தாள் எழுந்து வந்து, நூல் பிசிறு ஒட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "ஏனம்மிணி, லீவு முடிஞ்சுதா?" என்று கேட்டாள். முடிந்தது என்றாள் லீனா. டீக்காரர் அன்றைக்கு ஒரு டம்ளர் அதிகமாகவே கொண்டுவந்திருந்தார்.

அமிர்தவல்லி எக்ஸ்போர்ட்ஸ் கரூரில் பெரிய கம்பெனி இல்லை. சமையலறைத் துண்டும் மேசை விரிப்பும் ஏப்ரனும் தைத்து அனுப்பும் ஒரு ஷெட், அதற்கு முன்னால் ஒரு ஆபீஸ் அறை, அறையில் ஒரு கம்ப்யூட்டர், கம்ப்யூட்டருக்கு முன்னால் சாந்தாமணி, அவ்வளவுதான். முதலாளி சென்னியப்பன் தொடக்கத்தில் ஒரே ஒரு மெயில் பெட்டிதான் வாங்கினார். ஆனால் ஒரு பெட்டிக்குள் எத்தனை பெயரில் வேண்டுமானாலும் முகவரி வைத்துக்கொள்ளலாம், எந்தப் பெயருக்கு வந்தாலும் அந்த ஒரே பெட்டியில்தான் விழும், பதில் போடும்போது எந்தப் பெயரில் போக வேண்டும் என்று தேர்ந்துகொண்டால் போதும், அதற்கெல்லாம் தனிக் காசு இல்லை என்று கம்ப்யூட்டர்க் கடைக்காரர் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "வெளியிலிருந்து பாக்கறவனுக்கு உள்ள ஒரு கூட்டமே இருக்கறாப்பல தெரியோணும் சாந்தா" என்றார். அப்படித்தான் ஆர்டர் பிடிக்க டேவிட்டும், வர வேண்டியதைக் கேட்டு வாங்க கோபாலும், குறை சொல்லி எழுதுகிறவர்களைத் தேற்ற லீனாவும் உண்டானார்கள். சாந்தாமணி என்ற பெயர் வெள்ளைக்காரர் வாயில் நுழையாது என்று அதற்கு மட்டும் முகவரி வைக்கவில்லை. டேவிட்டாக எழுதும்போது அவள் சுருக்கமாக எழுதினாள். கோபாலாக எழுதும்போது முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டாள். லீனாவாக எழுதும்போது மட்டும் காலை மடக்கி நாற்காலியில் ஏற்றிக்கொண்டு, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தையை எடுத்துவிட்டு இன்னொரு வார்த்தையைப் போட்டு, அதையும் எடுத்துவிட்டு முதல் வார்த்தையையே போட்டு, டிபன் பாக்ஸில் சோறு ஆறிப்போகும்வரை எழுதினாள்.

துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர்கள் சிலர் லீனாவோடு போனில் பேச வேண்டும் என்பார்கள். சாந்தாமணிக்கு இங்கிலீஷ் விரலில் இருந்ததே தவிர நாக்கில் இல்லை. அதனால் லீனா லீவில் இருக்கிறாள் என்று டேவிட் பதில் எழுதுவான். லீவுக்குக் காரணத்தை முதலாளி சொல்வார். ஒரு தடவை கல்யாணம் என்றார். ஒரு தடவை அப்பா தவறிவிட்டார் என்றார். அம்மை போட்டிருக்கிறது என்றார், பிரசவம் என்றார். ஆகவே லீனா வந்தபோது அவள் கழுத்தில் தாலி இருந்தது, கன்னத்தில் அம்மைத் தழும்பு இருந்தது, அப்பாவைப் பற்றிக் கேட்டால் குரல் இறங்கியது, சொந்த ஊரில் மாமியாரிடம் ஒரு பெண் குழந்தை வளர்ந்துகொண்டிருந்தது. தலைமுடி இடுப்புக்குக் கீழே தொங்கியது. நீ பார்க்க எப்படி இருப்பாய் என்று எப்போதோ கேட்டவர்களுக்குச் சாந்தாமணி அப்படித்தான் எழுதியிருந்தாள்.

கம்பெனியில் இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை. பேசியதெல்லாம் வேறு. கணக்குப் பார்க்கும் குப்புராஜ், இத்தனை வருஷ சர்வீஸுக்கு பி.எஃப். பிடிக்காமல் விட்டது பின்னால் தொந்தரவாகும் என்று முதலாளியிடம் சொன்னார். பாவாத்தாள் வெங்கமேட்டில் தனக்குத் தெரிந்த ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் இடம் பிடித்துக் கொடுத்தாள், அங்கிருந்த பெண்களும் காலையில் குளியலறைக்கு முறை போடும்போது லீனாவின் பெயரை முதலிலேயே எழுதிவிட்டார்கள், சீனியர் என்பதால். மாரியம்மன் கோயிலில் கம்பம் நட்டதும் ஊர்ப் பெண்களோடு பெண்ணாக அவளும் ஈரச் சேலையோடு குடம் சுமந்துபோய்த் தண்ணீர் ஊற்றினாள், பின்னால் நின்றவர்கள் சீக்கிரம் நகரச் சொல்லி அவளையும் திட்டினார்கள். செய்தி மற்ற கம்பெனிகளுக்கும் போயிற்று. கரூரில் மெயில் பெட்டிக்குள் ஆள் வைத்திருந்தது சென்னியப்பன் ஒருவர் மட்டுமில்லை. பசுபதிபாளையத்தில் ஒரு கம்பெனியில், பல வருஷமாகக் கையெழுத்தில் மட்டும் இருந்த ராபர்ட் என்ற மேனேஜருக்காக ஒரு நாற்காலியைத் துடைத்து வைத்துக் காத்திருந்தார்கள். இன்னொரு கம்பெனியில் முதலாளியம்மாள், எல்லோரும் வந்து நின்று தீபாவளிக்கு போனஸ் கேட்டால் என்ன செய்வது என்று பயந்து, பெட்டியிலிருந்த பெயர்களையெல்லாம் ஒரே மூச்சில் எடுத்துவிட்டாள். அமிர்தவல்லியில் வாட்ச்மேன் கேட்டைப் பாதி திறந்தே வைத்திருந்தார், டேவிட் சாரும் கோபால் சாரும் வந்தால் கூப்பிட வேண்டாமே என்று. கோபால் வராமலிருக்க வேண்டும் என்று குப்புராஜ் வேண்டிக்கொண்டதாகப் பேச்சு.

லீனா வந்ததிலிருந்து போனெல்லாம் அவளுக்குத்தான். சாந்தாமணி எழுதிய மெயிலில் எப்படி இருந்ததோ அப்படியே பேசினாள், அதே நிதானம், கோபப்படுகிறவரை முதலில் முழுக்கச் சொல்லவிட்டுப் பிறகு மெல்ல ஆரம்பிக்கும் அதே வழக்கம், முடிக்கும்போது வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லும் அதே கடைசி வரி. மெயில்களைச் சாந்தாமணிதான் எழுதினாள். அவள் எழுதி முடிக்கும்போது அது லீனாவுக்குத் தெரிந்திருந்தது. சென்னியப்பன் கண்ணாடிக் கதவு வழியே இதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு நாள் வெளியே வந்து, "அந்தப் புள்ளகிட்டக் கொஞ்சம் கத்துக்கோ சாந்தா. என்ன தன்மையாப் பேசுது பாரு. நீ பாவாத்தாகிட்டப் பேசுனா தறி ஓடறாப்பல இருக்குது" என்றார். சாந்தாமணி சரிங்க சார் என்றாள்.

அவளுக்கு முதலில் வயிற்றெரிச்சல் என்று தோன்றவில்லை, வெயில் என்று தோன்றியது. மோர் குடித்தாள். லீனாவின் டம்ளரில் டீ நிறைய இருப்பதையும் தன் டம்ளரில் விரல் அளவு குறைவதையும் பார்த்தாள். தையல் பெண்கள் புருஷனோடு சண்டை என்றால் லீனாவின் நாற்காலிப் பக்கம் போய் நிற்பதையும், தன் பக்கம் லீவு எழுதச் சொல்ல மட்டும் வருவதையும் பார்த்தாள். அவளுடைய புருஷன் நல்லசிவம் பஸ் பாடி கட்டும் ஷெட்டில் பெயின்டர். சாயங்காலம் வண்டியில் வந்து கேட்டுக்கு வெளியே நின்று ஹாரன் அடிப்பவன், இப்போது உள்ளே வந்து பெஞ்சில் உட்காரத் தொடங்கியிருந்தான். லீனா அவனிடம், ஒரு பஸ்ஸுக்கு முதலில் எந்த நிறம் அடிப்பார்கள், ஏன் சாம்பல் நிறம், காய எவ்வளவு நேரம் என்று கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து சாந்தாமணி அதைக் கேட்டதில்லை, அவன் மேல் வரும், பெயின்ட்டில் கலக்கும் தின்னர் வாடை மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

வீட்டில் சாப்பிடும்போது, "அந்தப் பொண்ணு என்ன பொறுமையாக் கேக்குது" என்றான்.

"அது நான்தான். அது பேசறதெல்லாம் நான் எழுதுனது."

"உன்னைய எனக்குத் தெரியாதா" என்று சொல்லிவிட்டு நல்லசிவம் ரசம் கேட்டான்.

அடுத்த நாள் அவள் ஒரு காரியம் செய்தாள். சாயம் போகிறது என்று எழுதிய ஒரு கடைக்காரருக்கு, லீனா பெயரில், துவைக்கத் தெரியாதவர்கள் துணி வாங்கக் கூடாது என்று நாலே வரியில் வெடுக்கென்று எழுதி அனுப்பினாள். அகராதி தேவைப்படவில்லை. லீனா உம்மென்று இருந்தாள், நூல் கேட்டு வந்த பெண்ணிடம் எரிந்து விழுந்தாள், நல்லசிவத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாந்தாமணிக்கு அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கியது. ஆனால் பாவாத்தாள் லீனாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "பாவம், புள்ளைக்கு மேலுக்கு முடியல" என்று சொல்லி, மிளகும் சுக்கும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். தையல் பெண்கள் முறை வைத்துத் தலை பிடித்துவிட்டார்கள். சாயம் போகிறது என்று எழுதிய கடைக்காரரும், உங்களுக்கு ஏதோ கஷ்டம் என்று தெரிகிறது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பதில் எழுதினார். இத்தனை வருஷத்தில் சாந்தாமணி எத்தனையோ நாள் தலைவலியோடு உட்கார்ந்து எழுதியிருக்கிறாள், ஒரு சுக்குத் துண்டை யாரும் அவளுக்காகத் தட்டியதில்லை.

தலைவலி தெளிந்ததும் லீனா அவள் பக்கத்தில் வந்து நின்று, "அந்த மஞ்சள் ஸ்வெட்டர் உங்க வீட்லதான் இருக்குதுங்களாக்கா?" என்று கேட்டாள். "பாப்பாக்கு இனிமே பத்தாது. இருந்தாலும் அவ பேர்ல வந்ததில்லீங்களா."

அது டென்மார்க்கிலிருந்து இங்கர் அம்மாள் பின்னி அனுப்பியது. இங்கர் ஒரு சின்னக் கடை வைத்திருந்தார், அமிர்தவல்லியின் துண்டுகளைத்தான் விற்றார். லீனாவோடு பேச வேண்டும் என்று அவர் பிடிவாதமாகக் கேட்ட ஒரு சமயம், பிரசவ லீவு என்று எழுதச் சொன்னார் முதலாளி. அப்போது சாந்தாமணி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்திருந்தாள், வயிற்றிலிருந்தது நாலாம் மாதத்தில் தங்காமல் போயிருந்தது, அதற்குப் பிறகு அவளுக்குத் தங்கவே இல்லை. முதலாளிக்கு அது தெரியாது. அவள் உட்கார்ந்து, பெண் குழந்தை, தாயும் சேயும் நலம் என்று எழுதினாள், எழுதிய பிறகு யாரும் கேட்காமலே, முடி நிறைய இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்தாள். ஸ்வெட்டர் வந்ததும் ஆபீஸில் வைக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய் பீரோவின் அடித்தட்டில், பட்டுச் சேலைக்குக் கீழே வைத்தாள். இப்போது அதை எடுத்து, ஒரு துண்டில் சுற்றிக் கொண்டுவந்து லீனாவிடம் கொடுத்தாள். லீனா அதை முகர்ந்து பார்த்துவிட்டு, பாப்பா வாசனையே இல்லை என்று வருத்தப்பட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் இங்கர் அம்மாள் வருவதாக மெயில் வந்தது. கடையை மூடப் போகிறார், வயதாகிவிட்டது, மூடுவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை கரூருக்கு வந்து லீனாவைப் பார்க்க வேண்டும், வேறு எந்த வேலையும் இல்லை. சாந்தாமணி அதை வாசித்துவிட்டுக் குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் வாசித்தாள். இந்த உலகத்தில் அவள் மனதுவிட்டுச் சொன்னதெல்லாம் இங்கருக்குத்தான். இங்கரின் புருஷன் இறந்தபோது ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து அவள் எழுதிய வரிகளைத் தாளில் அச்செடுத்துச் சமையலறையில் ஒட்டிவைத்திருப்பதாக இங்கர் எழுதியிருந்தார். அவர் கட்டிப்பிடிக்கப் போவது யாரை என்பது மட்டும்தான் இப்போது அவளுக்கு முக்கியமாக இருந்தது.

முதலாளிக்கு அதில் குழப்பமே இல்லை. "லீனாவும் அந்தம்மாவும் ஆபீஸ் ரூம்ல உக்காந்து பேசட்டும். நீ சாம்பிள் ரூம்ல இரு சாந்தா. துணி எடுத்து விரிச்சுக் காட்ட ஒரு ஆள் வேணும்."

"சார், இங்கரம்மாக்கு எழுதுனது பூராம் நானுங்க."

"யாரு இல்லைன்னா? ஆனா அந்தம்மா யாரைப் பாக்க வருது?" என்றார் சென்னியப்பன். அவர் கேலி செய்யவில்லை.

இங்கர் வருவதற்கு முந்தின நாள், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, சாந்தாமணி பெட்டியின் அமைப்புகளைத் திறந்தாள். மேலே பெட்டி, அதற்குக் கீழே வரிசையாக முகவரிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே நீக்கு என்ற சொல். லீனாவுக்கு எதிரே இருந்த சொல்லைத் தொட்டாள். நிச்சயமா என்று பெட்டி கேட்டது. ஆம் என்றாள். ஷெட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பாவாத்தாளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த லீனா கை கழுவ எழுந்துபோனாள், திரும்பி வரவில்லை. பாவாத்தாள் அவளுடைய டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டு, "லீனா எங்கீங்கக்கா?" என்று கேட்டவர்களிடம் லீவு என்றாள். ஹாஸ்டலில் முறைப் பட்டியலில் அடுத்த பெயர் மேலே ஏறியது. குப்புராஜ், சம்பளத்தோடா சம்பளமில்லாமலா என்று மட்டும் கேட்டார்.

இங்கர் அம்மாள் காரை விட்டு இறங்கியபோது சாந்தாமணி கேட் அருகில் நின்றாள். பழுப்புப் பட்டுச் சேலை, தலை நிறையக் கனகாம்பரம். இங்கர் அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, லீனா எங்கே என்று கேட்டார். முதலாளியும் பாவாத்தாளும் குப்புராஜும் வாட்ச்மேனும், பழக்கத்தில், லீவு என்று ஒரே குரலாகச் சொன்னார்கள். இங்கர் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையிலிருந்து போனை எடுத்துக் காட்டினார். காலையில் ஹோட்டலிலிருந்து லீனாவுக்கு எழுதினாராம், அப்படி ஒருவர் இல்லை என்று திரும்பி வந்துவிட்டதாம். உண்மையைச் சொல்லுங்கள், அவள் செத்துப்போய்விட்டாளா என்று கேட்டார்.

சாந்தாமணி முன்னால் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அது லீனாவின் நாற்காலி. அவளிடம் எல்லா வார்த்தைகளும் இருந்தன, சமையலறையில் ஒட்டிய தாளில் இருந்த ஒவ்வொரு வார்த்தையையும் அகராதியில் எந்தப் பக்கத்தில் எடுத்தாள் என்பது உட்பட. வாயைத் திறந்தாள். "மீ" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "லெட்டர். ஆல் லெட்டர். மீ." மேற்கொண்டு வரவில்லை. விரல்கள் மட்டும் மடியில் அசைந்துகொண்டிருந்தன. இங்கர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். புரிகிறது, என் கடிதங்களையெல்லாம் லீனாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தது நீங்கள்தான், அவள் உங்களைப் பற்றி எழுதியதே இல்லை, இருந்தாலும் நன்றி என்று மெதுவாக, பிரித்துப் பிரித்து, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு கைக்குட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். அவர் அழுகை சத்தமில்லாமல் இருந்தது. அந்த அழுகையைப் பார்க்கப் பார்க்கச் சாந்தாமணிக்கு வயிறு காந்தியது, தனக்காக இப்படி ஒருவர் அழ வேண்டும் என்று.

அவள் எழுந்து கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தாள். எழுதினால் போதும், நாலடி தள்ளியிருக்கும் இங்கரின் போனில் போய் விழுந்துவிடும். புது மெயிலைத் திறந்தாள். யார் பெயரில் என்ற இடத்தில் டேவிட் இருந்தான், கோபால் இருந்தான். கோபால் சொன்னால் இங்கர் நம்புவாரா என்று யோசித்தாள். பிறகு அமைப்புகளுக்குப் போய், புதிய முகவரி என்ற கட்டத்தில் தன் பெயரை எழுத்து எழுத்தாக அடித்தாள். முழுக்க அடித்தும்விட்டாள். பாதி திறந்திருந்த கேட் சன்னல் வழியாகத் தெரிந்தது. சேர்த்துவிட்டால் அதன் வழியே யார் வருவார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நன்றாக இங்கிலீஷ் பேசுகிற ஒரு சாந்தாமணி வருவாள், நிதானமாக, தலைவலி இல்லாமல். இங்கர் அவளைக் கட்டிப்பிடிப்பார். நல்லசிவம் அவளிடம் பெயின்ட்டைப் பற்றிச் சொல்வான். இருக்கிற சொந்தப் பெயரும் போய்விடும்.

ஒரு லீனாவைத்தான் அவளால் தாங்க முடியும். அடித்ததை அழித்துவிட்டு அந்தப் பெயரை அடித்தாள். சேர் என்ற சொல்லைத் தொட்டாள்.

லீனா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள், கை கழுவிய ஈரம் இன்னும் காயவில்லை. பாவாத்தாள், "டப்பாவைக் கழுவி வெச்சிருக்கறன் அம்மிணி" என்றாள். இங்கர் நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் கைக்குட்டை கீழே விழுந்தது. இருவரும் வெகுநேரம் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவர்கள் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் பேச்சை ஒருவர் முடித்துவைத்து, புருஷனைப் பற்றியும் கடையைப் பற்றியும் பாப்பாவின் முடியைப் பற்றியும் பேசினார்கள். சமையலறையில் ஒட்டியிருந்த அந்த வரிகளை லீனா சொன்னாள், ஒரு வார்த்தை பிசகாமல். சென்னியப்பன் சாம்பிள் ரூம் பக்கம் கை காட்டினார், துணிகளை எடுத்துவரச் சொல்லி.

சாந்தாமணி எழுந்தாள். மேசை விசிறி இங்கரின் இடது பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்தது, அவர் பேச்சின் நடுவே அடிக்கடி அந்தப் பக்கத்துக் காதில் காற்றுப் படாமல் கையால் பொத்திக்கொண்டிருந்தார். லீனா பாப்பாவுக்கு முதல் பல் விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். சாந்தாமணி போகிற வழியில் நின்று, விசிறியின் முகத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிவைத்துவிட்டு, துணி எடுக்கப் போனாள்.